முப்பதாவது மீட்டரில் ஓர் ஊதாப்பூ

பர்க்காவுக்கு மேற்கே, கடல் தெரியாத
ஆனால் உப்பு மட்டும் வந்து சேருகிற வயலில்
விடியுமுன் எள் பூக்கிறது.
பாங்கு முடிவதற்குள் எண்ணத் தொடங்கவேண்டும்.
பத்து மணிக்கு மேல்
பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது.

எள் கூச்சக்காரச் செடி.
இதழ் திறக்கும் முன்பே
உள்ளே தாலி ஏறியிருக்கும்.
தாமதமாய் வருகிற தேனீக்குப் பந்தி மட்டும் மிச்சம்.
புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.
நூற்றில் நாலைந்து பூ
புத்தகம் படிக்காதவை.
அவற்றைத் தேடத்தான் எனக்கு
மாதம் நூற்றைம்பது ரியால்.

நடுவில் ஊதாப்பூ எள், ஒரு சதுரம்.
சுற்றிலும் வெள்ளைப்பூ எள், வளையம் வளையமாக.
போன பருவம் வெள்ளையில் எடுத்த விதையை
தூரம் எழுதிய குச்சிகளோடு
இந்தப் பருவம் விதைத்தோம்.
வெள்ளைத் தாய்க்கு ஊதாப் பிள்ளை பிறந்தால்
மகரந்தம் அங்கே போயிருக்கிறது.

ஒரு மீட்டரில் பதினேழு.
மூன்றில் ஒன்பது.
பத்தில் இரண்டு.
இருபதில் யாருமில்லை.
முப்பதில், யாரும் எதிர்பார்க்காத முப்பதில்,
ஒன்று.

மொஃபிஸுல் விசிலடித்தான்.
இலந்தை மரத்துக் கொம்புத்தேனீ,
சுண்டுவிரல் நகம் இருக்குமா,
அவ்வளவு தூரமா சுமந்தது?
ஷம்ஸா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஜமீல், ஜமீல் என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
போன அறுவடையில் காலை முழுதும்
ஊதாச் சதுரத்தில் காய் உலுக்கினேன்.
மாலையில் முப்பதாவது வளையத்துப் பையைக் கட்டினேன்.
நடுவில் கால்சட்டை மாற்றவில்லை.
இரவு அறையில் மடிப்பை உதறியபோது
தரையில் மூன்று எள்.
நாலாவது இருந்ததா என்று
அன்று யோசிக்கவில்லை.

எள்ளளவு சந்தேகம் என்கிறோம் சாதாரணமாக.
நிறுத்துப் பார்த்தவன் நான்:
ஒரு கிராமுக்கு முன்னூற்றுச் சொச்சம்.

இரண்டு நாள் மென்று விழுங்கினேன்.
மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்,
பாதி இந்தி, பாதி அரபி,
கால்சட்டை மடிப்பைக் காட்டி.
மேடம் கோபப்படவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்:
தேனீ, அல்லது சௌரிராஜன்.
குடியிருப்பு அட்டைக்கு வெளியே
என் பேரை அரபியில் பார்த்தது அதுதான் முதல் முறை.
வலமிருந்து வந்து
தேனீக்குப் பக்கத்தில் நின்றது.

அந்தச் செடிக்குக் காகித உறை போட்டோம்.
இனி எவனும் வரவேண்டாம்.
உறைக்குள் முற்றிய விதையில் அறுபதை
தனிப் பாத்தியில் ஊன்றியாயிற்று.
எல்லாமே ஊதா என்றால் என் கால்சட்டை.
நாலுக்கு ஒன்று வெள்ளை என்றால் தேனீ.
செடி பொய் சொல்லாது.
அவசரமும் படாது.

தேனீ மேல் ஒரு பிரியாணி கட்டியிருக்கிறான் மொஃபிஸுல்.
எதிர்ப்பக்கம் கட்ட ஆளில்லை,
நானும் தேனீ பக்கம்தான்.
ஆனாலும் இப்போதெல்லாம் வயலுக்குள் போகுமுன்
வரப்பில் நின்று இரண்டு காலையும் தட்டிக்கொள்கிறேன்.
அவனும் தட்டுகிறான், ஏனென்று கேட்காமல்.

நாற்பத்தோராம் நாள், இன்று, முதல் பூ.
ஊதா.
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
அடுத்தது ஊதா. அதற்கடுத்ததும்.
எட்டு பூத்தன, எட்டும் ஊதா.

பதினோராவது குச்சியில் ஒரு மொட்டு வெளுத்திருக்கிறது.
டார்ச்சை ஒட்டிப் பிடித்தேன்.
மொஃபிஸுல் மூச்சு என் கழுத்தில்.

மொட்டில் எல்லா எள்ளும் வெளுப்புத்தான்,
நாளைக் காலைவரை.