கத்தி கழுவுகிற முறை

எங்கள் முனிக்கு முகம் கிடையாது.
பத்தாம் நம்பர் மலையில், பீலிக்கு மேலே,
ஒரு கல். அதன் விலாவில் ஒரு வெடிப்பு.
வெடிப்பில் செருகிய கவ்வாத்துக் கத்திதான் கை.
கத்தி தேய்ந்தால் சாமிக்குப் புதுக் கை வரும்.

ஆடியில் அதைக் கழுவுவது எங்கள் வீட்டு முறை.
அப்பாவுக்குப் பின் இருளப்பன்,
இருளப்பன் கப்பலேறிய பின் நான்.
சாம்பல், எலுமிச்சம்பழம். பிறகு எண்ணெய். பிறகு குங்குமம்.

எழுபத்தேழில் அவர்கள் வந்தது ஆவணியில்.
லொறிச் சத்தம் பாலத்தடியில் நின்றது.
பிறகு தகரத்தில் கல்.
பிறகு கீழ் லயத்தின் பன்னிரண்டு காம்பிராவும்
ஒரே அடுப்பு.
தேயிலைக்குள் குப்புறக் கிடந்தோம்.
அட்டை ஏறியதை யாரும் தட்டவில்லை.
பிள்ளையின் வாயைப் பொத்திய கை
என் மனைவியுடையதா என்னுடையதா,
எங்களுக்குள் இன்றைக்கும் அந்தப் பேச்சில்லை.
பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும்.

ஒன்றைப் பார்த்தேன்.
எரித்துத் திரும்பியவர்கள்
முனிக் கல்லருகே வந்ததும்
செருப்பைக் கழற்றினார்கள்.
ஒரு கையில் பந்தம், ஒரு கையில் செருப்பு.
மாடு தொலைந்தாலும் வயிறு திறக்காவிட்டாலும்
நாட்டுப்பக்கத்திலிருந்து ஏறி வந்து
இதே கல்லில் காசு முடிந்து போகிறவர்கள்தானே.
பயமா பக்தியா என்று என்னைக் கேட்காதீர்கள்.
சாமி தப்பித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

விடிந்தபோது வெடிப்பில் கத்தி இல்லை.
இருளப்பனும் இல்லை.
மூன்றாம் நாள் இரண்டும் திரும்பின.
கத்தி பளபளவென்று.
ஆடி கழிந்து பத்து நாள்தான்,
மறுபடி யார் கழுவியது என்று நான் கேட்கவில்லை.
குங்குமம் மட்டும் வைத்தேன்.

நட்டஈட்டுப் படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
தகரம், கதவு, ஆடு, கோழி.
எழுதிய ஐயா “வேறு ஏதும்?” என்றார்.
“ஒரு அம்மி” என்றேன்.
நெருப்பில் அம்மி வெடிக்கும் என்று அன்றுதான் தெரியும்.

தையில் ஹீன்மெனிக்கா வந்தாள், தேங்காயோடு.
பின்னால் மகன் ரண்பண்டா.
வலது சட்டைக்கையை முழங்கையில் மடித்து
ஊசி குத்தியிருந்தான்.
முனிக்குச் சிங்களம் புரியாது, நீ சொல் என்றாள்.
அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்:
என் பிள்ளையின் கையை எடுத்தவன்
சோறு அள்ளக் கூடாது.
அவன் கை அழுக வேண்டும்.
அவன் வீட்டில்
அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது.
இருமலை முனி எப்படி எடுத்துக்கொண்டதோ.
ஏன் நிறுத்தினாய்? புகை, என்றேன்.
அவள் கேட்ட கை
எண்ணெய் மினுங்க எதிரேயே நின்றது.

அன்றிரவு உன் மகன் எங்கே இருந்தான்?
அதைச் சிங்களத்தில் கேட்க எனக்குத் தெரியும்.
கற்பூரம் அணையும்வரை வாயிலேயே வைத்திருந்தேன்.

இருளப்பன் கோத்தகிரியில். அங்கும் தேயிலை, அங்கும் அட்டை.
இதுவரை இரண்டு கடிதம்.
இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான்:
முனிக்கு யார் கத்தி கழுவுவது?

இப்போது கமிட்டிப் பையன்கள் கோபுரம் எழுப்புகிறார்கள்.
முனி இனி முனீஸ்வரர்.
சிமெந்தில் முகம், மீசை, கொஞ்சம் சிரிப்பு.
கடா வெட்டு நிறுத்தம். கையில் வெள்ளிப்பூச்சு வேல்.
நல்லதுதான். மழைக்கு ஒதுங்கவும் இடமாச்சு.
பழைய கத்தியைப் பேப்பரில் சுற்றி
“பாரம்பரியம் மாமா, வீட்டில் வையுங்கள்” என்று தந்தார்கள்.

கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
இந்த ஆடிக்கும் எடுத்தேன்.
கேஸ் அடுப்பில் ஏது சாம்பல்,
பீலியடி மண்ணாலேயே தேய்த்தேன்.
கழுவிய தண்ணீர் கானில் இறங்கி
ஹீன்மெனிக்காவின் வயலுக்குப் போனது.
எப்போதும் அங்கேதான் போகும்.