வார்டு ஒன்பது, கிரிம்ஸ்பி

பக்கவாதத்துக்குப் பிறகு ஆல்பினிடம்
தண்ணீர் என்ற சொல் இல்லை.
மனைவியின் பெயரும் இல்லை.

படத்தைக் காட்டுகிறாள் தெரபிஸ்ட்.
கோப்பை. அவருக்குத் தெரியும்.
வாய் திறந்து திறந்து மூடுகிறது,
படகுத் தளத்தில் கொட்டிய காட் மீனாய்.
பிறகு, ஓர் எழுத்தும் பிசகாமல்:
"பூனையும் நாயுமாய்க் கொட்டுது மழை."

வெளியே நல்ல வெயில்.
தெரபிஸ்ட் எதையோ குறித்துக்கொள்கிறாள்.
எனிட் எழுந்துபோய்
திரையை இழுத்துவிடுகிறாள்.
கண் கூசுகிறதாம் அவருக்கு.

ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிகிறது.
அவள் மணிக்கட்டைப் பிடித்து
"காலை ஒடித்துக்கொள்" என்கிறார்.
மேடையேறுகிறவர்களுக்கு
அந்த ஊரில் சொல்லும் வாழ்த்து.

"சரி" என்கிறாள்.
வாசலில் உறைபனி.
கம்பியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக இறங்குகிறாள்,
வாழ்த்து பலித்துவிடாமல்.