கேட் மூடிய நேரம்

"நெஞ்சுக்கறி மட்டுமா? சக்கையாத்தான் இருக்கும்"
என்றபடியே தோலுரித்துக் கொடுத்தார் கவுஸ் பாய்.
உப்புத் தண்ணீரில் அரைமணி.
மிளகு, பூண்டு, நாலு சொட்டு எண்ணெய்.

தவணை முடியாத ஏர் ஃப்ரையரை ஓட்டினால்
ஃபிரிட்ஜை நிறுத்தணும்.
எங்கள் ஹவுசிங் போர்டு ஒயர் அவ்வளவுதான் தாங்கும்.

பன்னிரண்டாம் நிமிடம் மணியடித்தது.
இப்ப வெட்டாதே, சாறு ஓடிடும் என்றேன்.
டைட்டஸ் பளு தூக்குகிற பையன்,
பசியை மட்டும் தூக்கத் தெரியாது.

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வந்தது.
ஜன்னலில் நின்று பெட்டி எண்ணினோம்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
கடைசிப் பெட்டி போனதும் கத்தியை எடுத்தான்.

தட்டு காய்ந்தே இருந்தது.
ஈரமெல்லாம் கறிக்குள்.
"சக்கையில்லக்கா"
என்றான் வாய் நிறைய.

கவுஸ் பாயிடம் சொல்லலாம்.
நம்பமாட்டார்.