குளிர்பெட்டியில் பாதி

செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை
எங்கள் மொழியில் 'ப்ரோ' என்று முடியும் நான்கு மாதங்கள்.
தெரெசினாவில் வெயிலைப் பற்றி
அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.
ப்ரோ வந்துவிட்டது என்றால்
செருப்பு தாரில் ஒட்டும் என்று பொருள்.
பேருந்து நிறுத்தக் கம்பத்தின் ஒல்லி நிழலில்
நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் படுக்கும் என்று பொருள்.
என் ஜன்னலில் அட்டை தொங்கும் என்று பொருள்:
தின்தின் கிடைக்கும். ஒன்று ஒரு ரெயால். கடன் இல்லை.

தின்தின் பெரிய வித்தை ஒன்றுமில்லை.
இரண்டு விரல் அகலப் பிளாஸ்டிக் பை,
உள்ளே சாறு, வாயில் முடிச்சு,
ஓர் இரவுக் குளிர்.
குச்சி கிடையாது.
மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்ச வேண்டியதுதான்.

முந்திரிப்பழம் பிழியும் நாளில்
பழைய சட்டை போட்டுக்கொள்வேன்;
அந்தக் கறை என்னைவிட நாள் தாங்கும்.
தொண்டை கரகரக்காமலிருக்க ஒரு கை பால்பொடி.
சர்க்கரையில்தான் எல்லாம்.
குறைந்தால் கல்.
கூடினால், விடிய விடியக் காத்தாலும் கூழ்.
உறையும்போது இனிப்பு பாதி செத்துவிடும்,
ஆகவே திகட்டும்வரை போட்டு
அதற்குமேல் ஒரு கரண்டி.
பிறகு, பை நிறைய ஊற்றக் கூடாது.
நீர் பனியாகையில் வீங்கும், இடம் விட்டுக் கட்டவேண்டும்.
முதல் வருடம் இது தெரியாமல்
காலையில் திறந்தேன்.
பாதிப் பைகள் வாய் பிளந்திருந்தன.

ஆகஸ்டில் எவிலாசியுவும் நானும் பிரிந்தோம்.
கட்டில் அவனுக்கு, மோட்டார் சைக்கிளும்.
அடுப்பு, மேசை, வசை மட்டுமே பேசும் கிளி
எனக்கு.
குளிர்பெட்டியை மட்டும் யாராலும் அறுக்க முடியவில்லை.
ஏழு தவணை பாக்கி.
'ஆளுக்குப் பாதி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள்
சமரச மன்றத்துப் பெண்.
அவள் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, இடப்பக்கம் என் தின்தின்.
வலப்பக்கம் பர்ணாயிபா ஆற்றில் அவன் பிடித்த கெளுத்தி.
நடுவே பிஸ்கட் பெட்டி கிழித்த ஓர் அட்டை, எல்லைக்கோடு.
வெள்ளி மாலை வருவான்,
பதினொரு வருடம் சாவி வைத்திருந்த வாசலில் நின்று
அயலான்போல் கைதட்டுவான்.
மீனை எடுப்பான். போவான்.
கிளி வழியனுப்பும்.

நவம்பரில் எதிர்வீட்டு ஜோசியெல் வந்தான்,
பாதி உறிஞ்சிய பையுடன்.
"புளி நல்லாத்தான் இருக்கு, லுசிநெய்ஜி.
ஆனா புளிக்குள்ள யாரோ நீந்துறாங்க."
தெருவே சிரித்தது.
அன்றிரவு எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன்,
கிண்ணத்தில் காப்பித்தூள் வைத்தேன்,
அவனுடைய பெரிய கெளுத்தியின் நெற்றியில்
காகிதம் ஒட்டினேன்:
உன் மீன் என் பக்கம் வருகிறது.

வெள்ளிக்கிழமை போனபின் பார்த்தால்
அதே காகிதம், பின்புறம் அவன் கோணல் எழுத்து:
உன் சர்க்கரையும் இந்தப் பக்கம் வருகிறது.
சந்தையில் ஒருத்தி மீன் இனிக்கிறது என்று
காசைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அடுத்த புதன், நாற்பத்தொரு டிகிரி.
புதன் அவன் நாள் அல்ல.
வாசலில் கைதட்டல்.
இறுக்கமான மூடி போட்ட இரண்டு டப்பாக்கள்
அவன் கையில், விலைச்சீட்டு பிய்க்காமல்.
மீனை அடுக்கினான். நெடுநேரம் அடுக்கினான்.
குளிர்பெட்டிக்குள் தலையை விட்டிருக்க
எல்லோருக்கும் பிடிக்கும் இந்த மாதத்தில்.

தேங்காய் ஒன்று எடுத்து நீட்டினேன்.
மூலையைக் கடித்து இடப்பக்கம் துப்பினான்,
எப்போதும் இடப்பக்கம்தான்.
வண்டி இருக்கை கொதித்ததால் நின்றே தின்றான்.
கடைசிச் சொட்டை விரலால் வழித்துப் பையை மடித்தான்.
நாணயத்தை நீட்டினான்.
அட்டையில் கடன் இல்லை என்றிருக்கிறதே,
வாங்கிக்கொண்டேன். அது சுட்டது.

"இன்னும் நாலு தவணை" என்றான்.

"அஞ்சு" என்றேன்.