இரண்டு சதவீதம்

நெல்பேட்டையில் கருவாடு விற்கும் செய்யதம்மாள்
நேற்றுக் காலை என் எதிரில் ஒரு மாத்திரை விழுங்கினாள்.
உள்ளே கதிர் வீசும் அயோடின், கடுகிலும் கடுகு.
இன்று அதே நேரம், அதே நாற்காலி.
முதலில் தொடைமேல் குழலை வைத்து எண்ணினேன்,
பிறகு கழுத்தில்.
கழுத்தின் எண்ணிலிருந்து தொடையின் எண்ணைக் கழித்தால்
சுரப்பி எவ்வளவு இழுத்ததென்று தெரியும்.

அறுபது வரும் என்றிருந்தேன்.
விழி பிதுங்கி, விரல் நடுங்கி,
உட்கார்ந்த இடத்திலேயே நாடி நூற்றுப் பத்து,
மார்கழியிலும் மின்விசிறி கேட்கிறவள்.
திரையில்
இரண்டு.

எந்திரத்தைத் தட்டிப் பார்த்தேன்.
பதினோரு வருட அனுபவம் முதலில் செய்வது அதைத்தான்.
மறுபடி எண்ணினேன். இரண்டு.

"உப்பை நிறுத்தச் சொன்னோமே?"
"உப்புக்குள்ளயே உக்காந்திருக்கேன் சார், நாக்குல வைக்கல."
"மீன்?"
"வித்தேன். திங்கல."
"கருவாடு?"
முறைத்தாள்.
"புண்ணுக்குப் போடுற பழுப்பு மருந்து? இருமல் மருந்து?"
இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தவள்
சட்டென நிறுத்தினாள்.
"போன மாசம் வயித்துவலின்னு கோரிப்பாளையத்துல
ஒரு வளையத்துக்குள்ள படுக்க வச்சாங்க.
கையில ஊசி.
உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் சூடா ஓடுச்சு,
ஒண்ணுக்குப் போயிட்டமோன்னு வெக்கமாப் போச்சு.
அதுவா?"

அதுதான்.
படம் துலங்க ஏற்றிய அந்தச் சாயத்தில் இருந்தது
ஒரு சுரப்பி ஆயுள் முழுக்கக் கேட்காத அளவு அயோடின்.
ஒரே பிற்பகலில் ரத்தத்தில் கொட்டியாயிற்று.

சாதாரண நாளில் செல்லின் வாசல்
பெரியார் நிலையத்து டவுன் பஸ்.
இரண்டு சோடியம் முட்டித் தள்ள
நடுவில் ஒரு அயோடைடு ஏறிவிடும்.
வெளியே அது அருகிப்போனால்
செல் இன்னும் சில வாசல்களைத் திறக்கும்.
பெருகிப்போனால்
முதலில் உள்ளே பட்டறையை நிறுத்தும்,
பிறகு வாசல்களையே கழற்றி எடுத்துவைக்கும்.
தலையிலிருந்து தாக்கீது வரட்டுமென்று காத்திருக்காது.
'இழு, இழு' என்று பொய்க் கட்டளை ஒன்று
இரவும் பகலும் அதட்டுகிற இவள் கழுத்திலும்
அந்தச் சின்னப் பிடிவாதம் மிச்சமிருக்கிறது.

இதில் பாதிதான் சொல்லியிருப்பேன்.
மீதியை அவள் சொன்னாள்:
"ராமேஸ்வரம் லாரி, தூத்துக்குடி லாரி, நாகப்பட்டினம் லாரி,
மூணும் ஒரே விடியக்காலம் வந்து நின்னா
நானும் ஷட்டரைப் பாதி இறக்கிருவேன்.
வேணாம்னு இல்ல சார்.
இன்னிக்கு வேணாம்னு."

அச்சு எந்திரம் தாளைத் துப்பியது.
இதுவரை நான் துப்பவிட்ட இரண்டுகளில், மூன்றுகளில்
எத்தனை கழுத்துகள்
ஷட்டரை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தனவோ.
ஊசி சூடாக ஓடியதா என்று
ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
சாயம் ஏற்றப்பட்டது, போன மாதம்.
டாக்டர் படித்தார், என்னைப் பார்த்தார்,
மாசி கடைசியில் வரச் சொன்னார்.
நடுக்கத்துக்கு மாத்திரை மட்டும் இப்போதைக்கு.

"அதுவரைக்கும் மூடியேவா கிடக்கும்?"
"சாயம் வடிய வடிய அதுவே திறக்கும்."
"யாரு போய்ச் சொல்லுவா அதுக்கு?"
"யாரும் சொல்ல வேண்டாம்."

நம்பவில்லை.
அடுத்த கடையின் ஷட்டரைத் தட்டிப் பார்ப்பதுபோல
இரண்டு விரலால் தொண்டையைத் தட்டிக்கொண்டே
படியிறங்கிப் போனாள்.

நாற்காலியில் லேசாக நெத்திலி வாசனை.
அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டேன்.
மாத்திரை டப்பாவைத் திறக்கும் முன்,
உட்காரும் முன்பே,
"சமீபத்துல ஏதாவது ஊசி...?"