சிரிஞ்சில் மிஞ்சிய காற்று

ஔலு நகரில் நவம்பர் கடைசியில்
ஒன்பதரைக்குத்தான் விடிகிறது.
அதற்குள் நான் ஒருவரின் இதயத்தை
இரவல் வாங்கியிருப்பேன்.

எண்பது நிமிடம். சில நாள் நூற்றிருபது.
குழாயில் இறங்கி என்னிடம் வரும் ரத்தம்
கறுத்து, களைத்து.
உயிர்வாயு ஏற்றி, கொஞ்சம் குளிரவைத்து
சிவப்பாகத் திருப்பி அனுப்புவேன்.
மேசைக்கு அந்தப் பக்கம்
டாக்டர் வார்யோ தைத்துக்கொண்டிருப்பார்.
துடிப்பில்லை, மூச்சில்லை,
ஆனாலும் ஆள் இருக்கிறார்.
அந்த ‘ஆனாலும்’தான் என் உத்தியோகம்.

பதினேழு வருடம்.
என் பொறுப்பில் யாரும் சாகவில்லை என்று
சொல்லமாட்டேன். மூன்று பேர்.
பெயர்கள் தெரியும்.

தூங்கவிடாதவர் ஆனால்
பிழைத்த ஒருவர்:
அவுலிஸ் ரந்தலா,
பனி தள்ளும் வண்டி ஓட்டுநர்.
வால்வு கச்சிதம். தையல் பிரியவில்லை.
ஐந்தாம் நாள் ஒரு தாளை நீட்டி
கடிகாரம் வரையுங்கள், மணி பதினொன்று பத்து, என்றேன்.
வட்டம் போட்டார், நல்ல வட்டம்.
பன்னிரண்டு எண்களையும்
சாலையோரம் ஒதுக்கிய பனி மாதிரி
வலப்பக்கமே குவித்துவிட்டு
“சரிதானே?” என்றார்.
அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் வாங்கினோம் அந்தக் கருவியை.
தமனிக்குப் போகும் குழாயில் கவ்விவிட்டால்
கடக்கிற குமிழிகளை எண்ணும்.
கடுகை நாற்பது சீவலாகச் சீவினால்
ஒரு சீவலின் தடிமன்,
அவ்வளவுதான் ஒரு குமிழி.
நீர்க்குமிழி என்றால் நிலையாமை என்பார்கள்.
இவை நிலைத்துத் தொலைக்கின்றன,
மூளையின் ஏதோ ஒரு சந்துவரை போய்
உட்காரும் அளவுக்கு.

யார் விடுகிறார்கள் இந்தக் காற்றை?
உறிஞ்சும் வேகமா, வடிகட்டியா,
கலத்தில் மட்டம் இறங்கிப்போனதா?
நாற்பத்தோரு அறுவைகளின் வரைபடங்களைச்
சமையலறை மேசையில் பரப்பினேன்.
கோடு தரையோடு படுத்தே கிடக்கும்,
திடீரென எகிறும்.
9.42.
10.05.
10.31.
அந்த நேரங்களில் நடந்ததென்ன என்று
பதிவேட்டைப் புரட்டினால்
என் கையெழுத்து.
மருந்து செலுத்தினேன். மாதிரி எடுத்தேன்.
மருந்து செலுத்தினேன்.
சிரிஞ்சைச் சுண்டிப் பார்த்து
காற்று போய்விட்டதென்று நம்பி
அவசரமாய் அழுத்திய
இதே கட்டைவிரல்.

அவுலிஸ் வந்தபோது கருவி இல்லை.
அதனால் அவருக்கு நான் என்ன செய்தேன் என்று
எனக்குத் தெரியாது.
தெரியாது என்பது விடுதலை அல்ல.

மெதுவாக அழுத்தினால் போதும்,
இருமுறை காற்றை வெளியேற்றினால் போதும்,
எல்லோருக்கும் நாளையே செய்வோம் என்றேன் குழுவிடம்.
நிச்சயமாகத் தெரியுமா, என்றார்கள்.
குமிழி குறையும், தெரியும்.
கடிகாரம் நேராகுமா?
தெரியாது.
அப்படியானால் சோதியுங்கள்.

ஆகவே உறைகள்.
காலையில் ஒன்றைக் கிழிப்பேன்.
‘மெதுவாக’ என்றிருந்தால் மெதுவாக.
‘வழக்கம்போல்’ என்றிருந்தால்
வழக்கம்போலவே அழுத்த வேண்டும்.
அந்த விதியை எழுதியவளும் நானே.

அறுபது பேர் முடிந்தாயிற்று.
குமிழி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.
கடிகாரங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.
புள்ளியியல் பார்க்கும் ஸொய்லி
தலையை ஆட்டுகிறாள்:
இன்னும் நூறு பேர் வேண்டும்.

இன்று அறுபத்தொன்றாவது உறை.
‘வழக்கம்போல்.’
மேசையில் ஒரு பள்ளி ஆசிரியை,
நேற்று அவர் வரைந்த கடிகாரத்தில்
நொடிமுள்கூட இருந்தது.
சிரிஞ்சை எடுத்தேன். சுண்டினேன்.
அழுத்தத் தொடங்கினால்
பதினேழு வருட வழக்கம்
கைக்கு வரமாட்டேன் என்கிறது.

நெறி மீறல்களை எழுதும் பக்கத்தைத் திறந்து
ஒளிக்காமல் குறித்தேன்:
நேரம் 10.12.
தேவைக்கு மேல் மெதுவாகச் செலுத்தப்பட்டது.
காரணம்: கட்டைவிரல்.