நான்கு நிமிடம் ஆறு ஓடவில்லை

இரவு ஒன்று இருபது. ப்ர்னோவில் மழை.
வெள்ள முன்னறிவிப்பு அலுவலகம், மூன்றாம் மாடி,
ஆறிப்போன காபி, நான், போஹுமீர்.
நிமிடத்துக்கொரு முறை
ஸ்வ்ராட்கா ஆற்றின் மட்டம் கேட்டுவர
ஒரு பிள்ளையைப் பெற்று அனுப்பும் எங்கள் நிரல்.
இன்று மூன்றில் இரண்டு
வாசல்படியிலேயே செத்து விழுகின்றன.
காரணம் சொல்லிவிட்டுத்தான் சாகின்றன:
ஆறு, எஃப், இரண்டு, ஏ, அப்புறம் நாலு சுழி.
அந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

விண்டோஸ் வீட்டுக்குள் யூனிக்ஸ் குடித்தனம் எங்களுடையது.
ஒண்டுக்குடித்தனத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு:
தாய் எந்த நூலகத்தை எங்கே வைத்திருந்தாளோ
பிள்ளையும் அதை அங்கேயே வைத்தாக வேண்டும்.
பக்கத்து இடம் காலிதானே என்றால்
கேட்காது.
நேற்று மதியம் வைரஸ் தடுப்பான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
அதிலிருந்து, காவலுக்கு வந்தவனே
ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் ஓடிப்போய்
துண்டு போட்டு இடம் பிடிக்கிறான்.

வைத்தியம் தெரியும்.
நூலகங்கள் எல்லாவற்றுக்கும்
ஒன்றோடொன்று முட்டாத புது முகவரி எழுதித்தரும் கட்டளை.
ஆனால் ஆள் குடியிருக்கையில் சுவரை நகர்த்த முடியாது.
எல்லாரும் வெளியேற வேண்டும்.
ஆற்றைக் கேட்கிற நிரலும்.

"இந்த மழையிலா?" என்றான் போஹுமீர்.
"மூன்றில் ஒன்று வருகிறதே, போதாதா?"
"எந்த ஒன்று வரும் என்று நீ சொல்லு."
சொல்லவில்லை.
தொலைபேசியை எடுத்து க்விடோவை எழுப்பினான்.

க்விடோ, தன்னார்வத் தீயணைப்புக்காரன்,
வீடு பாலத்துக்கு நாலாவது.
பைஜாமாவுக்கு மேல் மழைச்சட்டை, கையில் டார்ச்.
அவன் தூணருகே போய்ச் சேர்ந்ததும்
ஒவ்வொரு நிரலாக அணைத்தேன்.
கடைசியில் மிஞ்சியது ஒரு குட்டி ஷெல்,
யாரிடமும் அதிகம் கடன் வாங்காதது.
அதற்குள் நின்றுகொண்டு கட்டளையை அடித்தேன்.

திரையில் ஆறு நின்றது.
வரைபடக் கோடு ஒன்று இருபத்தாறில் அறுந்து தொங்கியது.
தொலைபேசியில் மட்டும் தண்ணீர் இரைந்தது.
"இருநூற்றுப் பன்னிரண்டு" என்றான் க்விடோ.
காகிதத்தில் எழுதினேன்.
"பதினான்கு. இரு,
ஒரு கிளை மறைக்குது.
பதினைந்து."
பெயர் பெயராக நூலகங்கள் நகர்ந்துகொண்டிருந்தன.
"பதினெட்டு. செருப்பு போச்சு."

ஒன்று முப்பதுக்கு எல்லாவற்றையும் திரும்ப எழுப்பினேன்.
முதல் பிள்ளை போனது, வந்தது,
கையில் இருநூற்று இருபது.
இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும்.
போஹுமீர் நாற்காலியில் சாய்ந்து
சூடு இல்லாத காபியை ஒரே மூச்சில் குடித்தான்.

சுவர் நாட்காட்டியில்
வியாழக்கிழமையைச் சுற்றி யாரோ வட்டம் போட்டிருக்கிறார்கள்:
தடுப்பானின் அடுத்த புதுப்பிப்பு.

"நான் வீட்டுக்குப் போகட்டுமா?" என்றான் க்விடோ.
திரையைப் பார்த்தேன். இருநூற்று இருபத்தொன்று.
"அங்கே எவ்வளவு?" என்று கேட்டேன்.